சிங்கப்பூரில் ஒரு பசுவந்தனைத் தட்டு

சிங்கப்பூருக்கு எதற்குப் போகிறாய் என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்தான் சொன்னேன்: சண்டை போட. யாரோடு என்று கேட்டார்கள். அந்த ஆளை இன்னும் நேரில் பார்க்கவில்லை, பார்த்ததும் சொல்கிறேன் என்றேன். கோவில்பட்டியில் பாதிப் பேர் சிரித்தார்கள். மீதிப் பேர் என் அண்ணனிடம் போய், தங்கச்சியைக் கொஞ்சம் கவனி என்று சொல்லியிருக்கிறார்கள்.

அண்ணனின் பாத்திரக்கடையில் முப்பது வருஷமாகப் பேர் வெட்டுகிறவள் நான். குடமோ தூக்குவாளியோ டம்ளரோ, எது வாங்கினாலும் பேர் வெட்டாமல் எங்கள் பக்கத்து ஆட்கள் வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டார்கள். முன்பு ஆணியும் சுத்தியலும். இப்போது கரண்டில் ஓடுகிற மிஷின். இரண்டிலும் எழுத்து புள்ளி புள்ளியாகத்தான் விழும். மகளுக்குக் கொடுக்கும் சீர் சாமானில் மட்டும் ஒரு வழக்கம் உண்டு. அதில் மகள் பேரும் கிடையாது, மருமகன் பேரும் கிடையாது. கொடுத்த தகப்பனின் பேரைத்தான் வெட்ட வேண்டும். ஊருக்கு ஒரு எழுத்து, அவருடைய தகப்பனுக்கு ஒன்று, அவருக்கு ஒன்று. ஏன் என்று கல்யாண வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. நாளைக்கு ஒன்று ஆகிவிட்டால் எழுத்தைப் பார்த்து எண்ணித் திருப்பி வாங்கத்தான்.

எனக்கு இன்னொரு கிறுக்கும் உண்டு. பழைய சீனப் பீங்கான். வெள்ளையில் நீலப் பூப் போட்ட தட்டு, கிண்ணம், சாடி. சீனாக்காரர்கள் கப்பலில் வெளிநாட்டுக்கு அனுப்புவதற்கென்றே சுட்டவை. கரிசல் காட்டுக்கும் சீனாவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கத் தோன்றும். எங்கள் பருத்தி தூத்துக்குடிக்குப் போய்க் கப்பல் ஏறியது. பருத்தி போன வழியில் பீங்கான் வந்தது. பினாங்கு, சிங்கப்பூர், கொழும்பு என்று போய்வந்தவர்கள் வேட்டிக்குள் சுற்றிக் கொண்டுவந்து சேர்த்தார்கள். வந்ததற்கு இங்கே பெரிய மரியாதை ஒன்றும் கிடைக்கவில்லை. ஊறுகாய்ச் சாடியை மூடினார்கள், கோழிக்குத் தண்ணீர் வைத்தார்கள். பாஞ்சாலங்குறிச்சிப் பக்கத்தில் ஒரு வீட்டில் நூறு வருஷக் கிண்ணத்தில் நாய்க்குக் கஞ்சி ஊற்றியிருந்ததைப் பார்த்துவிட்டு, நாய்க்கு ஒரு புது எவர்சில்வர் கிண்ணம் வாங்கிக் கொடுத்து அதை மீட்டு வந்தேன். அதிலும் பேர் வெட்டிக் கேட்டார்கள். வெட்டிக் கொடுத்தேன்.

வருஷக்கணக்காகக் கேட்டும் எனக்குக் கிடைக்காத ஒரே தட்டு பசுவந்தனை ஆவுடையம்மாளுடையது. தாம்பாளம் அளவு. சாம்பல் ஓடிய வெள்ளை, நடுவில் ஒரு பெரிய நீலப் பூ, சுற்றிலும் கொடி. அடி வளையத்தில் சூளை மணல் ஒட்டியிருக்கும். அதே அடியில் புள்ளியால் மூன்று எழுத்து: ப, க, வே. பசுவந்தனை, கந்தசாமி மகன், வேலுச்சாமி. ஆவுடையம்மாளின் தகப்பனார். தூத்துக்குடியில் ஒரு பருத்தி வியாபாரியிடம் எடை பார்த்தவர். வியாபாரி கொடுத்த இரண்டு பீங்கான் தட்டுகளை மகளுக்குச் சீராகக் கொடுத்து, பித்தளைக்கு வெட்டுகிற ஆசாரியிடமே பேரும் வெட்டி வாங்கியிருக்கிறார். பீங்கானில் ஆணி வைத்து அடிக்கும் துணிச்சல் எங்கள் ஊர் ஆட்களைத் தவிர வேறு யாருக்கும் வராது என்றுதான் அப்போது நினைத்திருந்தேன்.

அந்த அம்மாளை நாகலாபுரத்தில் கட்டிக்கொடுத்தார்கள். இரண்டாம் வருஷம் புருஷன் சிங்கப்பூருக்குப் போனார். அங்கே வேறொருத்தியோடு குடித்தனம் என்று செய்தி வந்ததும், இந்த அம்மாளே கல்யாணத்தைத் தீர்த்துவிடச் சொல்லிவிட்டார். அந்தக் காலத்தில் அது சின்ன விஷயம் இல்லை. தகப்பனார் அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார். நாகலாபுரத்தில் தெருவில் வைத்துச் சீர் சாமானை எண்ணினார்கள். பீங்கான் தட்டு ஒன்றுதான் இருந்தது. இரண்டு என்றார் இவர். ஒன்றுதான் வந்தது, பொய் சொல்லுகிறாள் என்றார்கள் அவர்கள். அன்றிலிருந்து அந்த அம்மாளுக்கு ‘ரெண்டு தட்டு ஆவுடை’ என்று பேர். யாராவது கொஞ்சம் கூட்டிச் சொன்னால், ‘ரெண்டு தட்டுக் கணக்கா’ என்று கேட்பார்கள். இப்போது எண்பதைத் தாண்டிவிட்டார். அந்தப் பேர் இன்னும் இருக்கிறது.

நான் தட்டைக் கேட்டுப் போகும்போதெல்லாம் அவர் சொல்வது ஒன்றுதான். “அதுக்கு ஜோடி ஒண்ணு இருக்குட்டி முத்து. அது வந்தா ரெண்டையும் நீ எடுத்துக்க. வராம ஒண்ணைத் தர மாட்டேன்.” சரி, தராவிட்டால் போகட்டும் என்று, மெல்லிசுத் தாளை எழுத்தின்மேல் வைத்துப் பென்சிலால் தேய்த்து ஒரு படி எடுத்து வைத்துக்கொண்டேன்.

பீங்கான் சேர்ப்பவர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. போன மார்கழியில் அதில் ஒரு படம் வந்தது. சிங்கப்பூர்க் கடை ஒன்றில் இருக்கும் தட்டு, அடிப்பக்கம். ‘பாரசீகச் சீமான் ஒருவரின் உடைமைக் குறி’ என்று கீழே எழுதியிருந்தது. படத்தைத் தலைகீழாகத் திருப்பினேன். ப, க, வே. போனைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தேன். பிறகு, இது தமிழ், கோவில்பட்டிப் பக்கத்துச் சீர்த் தட்டு என்று குழுவில் எழுதினேன். சிரிக்கிற பொம்மைகளாக வந்து விழுந்தன. சென்னையிலிருந்து ஒரு பெரிய மனிதர், அந்தத் தட்டை ஏற்கெனவே தனக்கென்று சொல்லிவைத்திருப்பவர், பதில் எழுதினார்: “அம்மா, பாரசீகத்திலும் ராஜாக்கள் பீங்கானில் புள்ளியால் பேர் வெட்டியிருக்கிறார்கள், அது உலகமறிந்தது. கோவில்பட்டிக்குக் கடலைமிட்டாய் போதும்.”

எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது. ராஜா வெட்டினால் குறி, நாங்கள் வெட்டினால் கடலைமிட்டாயா? மாசி மாதம் ஒரு சனிக்கிழமை அவர் தட்டை வாங்கச் சிங்கப்பூர் போகிறார் என்று தெரிந்தது. நானும் கிளம்பினேன். தனியாக விட மாட்டேன் என்று அண்ணன் பெண்டாட்டி பேச்சியம்மாளும் கூடவே கிளம்பினார். எங்கள் பக்கத்தில் அண்ணியை மதினி என்போம். அதுவரை எட்டயபுரத்தைத் தாண்டிப் போகாதவர்.

மதுரை விமான நிலையத்தில் மதினியின் பையைத் திறக்கச் சொன்னார்கள். சேவு, கருப்பட்டி மிட்டாய், கடலைமிட்டாய், வற்றல் வகையறா, தூக்குவாளியில் புளிச்சோறு. “அம்மா, சிங்கப்பூர்ல சோறு கிடைக்கும்” என்றார் அந்தப் பையன். “கிடைக்கட்டும்யா, அதை அவிய திங்கட்டும்” என்றார் மதினி. புளிச்சோறு விமானம் ஏறும் முன்பே எங்கள் வயிற்றுக்குள் போனது. காலித் தூக்குவாளியை விட்டுவர மனம் இல்லாமல் அதையும் தூக்கிக்கொண்டுதான் ஏறினோம்.

முதல் நாள் ரயிலில்தான் வம்பு. சிங்கப்பூர் ரயில் கதவு எங்கள் ஊர் பஸ் மாதிரி யாருக்காகவும் காத்திருக்காது. நான் ஏறிவிட்டேன், மதினி பிளாட்பாரத்தில் நிற்கிறார், கதவு சாத்திவிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் வாய் அசைகிறது, சத்தம் கேட்கவில்லை. கேட்காததே நல்லது. அடுத்த நிலையத்தில் இறங்கித் திரும்பி வந்தால், ஒரு சீனப் பெண் போலீஸ் பக்கத்தில் நிற்க, மதினி பெஞ்சில் உட்கார்ந்து கடலைமிட்டாய் தின்றுகொண்டிருக்கிறார். இங்கே எதையும் தின்னக்கூடாது, அபராதம் என்று அந்தப் பெண் சைகையில் சொல்லியிருக்கிறாள். இவர் அவள் கையிலும் ஒன்றை வைத்துவிட்டார். அவள் அதைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, “வெளியே போய்த் தின்கிறேன், நீங்களும் வெளியே போய்த் தின்னுங்கள்” என்று ஆங்கிலத்தில் சொன்னாள். எங்களிடம் அபராதம் வாங்கவில்லை.

தமிழர்கள் கூடும் தேக்காவில் தமிழ்ச் சாப்பாடு தாராளமாகக் கிடைத்தது. ஆனால் நான் வந்தது பீங்கான் ஊருக்கு, ஆகையால் சீனர்கள் சாப்பிடும் இடத்தில்தான் சாப்பிடுவேன் என்று பிடிவாதம் பிடித்தேன். காய்கறி மட்டும் போட்ட ஒரு நூடுல்ஸ் வந்தது. மதினி தட்டில் குடிதண்ணீரை ஊற்றி, நூடுல்ஸோடு சேர்த்து ஒருமுறை அலசித் தண்ணீரை வடித்தார். பக்கத்து மேஜையில் இரண்டு சீனப் பாட்டிமார் இதைப் பார்த்துவிட்டுப் பேசிக்கொண்டார்கள். சாப்பிட்ட தட்டுகளை எடுக்க வந்த தமிழ்த் தம்பியிடம் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டேன். “சாப்பாட்டைக் கழுவித் தின்கிறவர்களை இப்பத்தான் பார்க்கிறோம், ஆனால் நல்ல சுத்தக்காரி என்கிறார்கள்” என்றான். நூடுல்ஸ் கெட்டுப்போகவில்லை. ஊரில் உளுந்தங்கஞ்சிக்கு இருக்கும் கனம் அதற்கு இல்லை, அவ்வளவுதான்.

மறுநாள் கடையைக் கண்டுபிடித்தோம். ஒரு பழைய மாடிவீட்டின் கீழே, வாசலில் இரண்டு பெரிய சாடி. கடைக்காரர் எழுபது வயதுச் சீனர், பனியன் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தட்டு கண்ணாடிப் பெட்டிக்குள் நிமிர்ந்து நின்றது. நடுவில் அந்த நீலப் பூ, சுற்றிலும் அந்தக் கொடி. எனக்குக் கை துறுதுறுத்தது. கையில் எடுத்துப் பார்க்கலாமா என்று கேட்டேன். ஒருவருக்குச் சொல்லியாகிவிட்டது, அவர் வரும்வரை எடுக்க முடியாது என்றார். அவர் வரும்போதே நானும் வருகிறேன் என்றேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, வாருங்கள், ஆனால் இங்கே சத்தம் போடக்கூடாது, எல்லாம் உடையும் சாமான் என்றார்.

எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். தேக்காப் பக்கம் ஒரு பழைய வீட்டை இடிப்பதற்கு முன்னால் உள்ளே கிடந்ததை மொத்தமாக எடுத்தபோது, ஒரு தகரப் பெட்டிக்குள் கோணியில் சுற்றி இருந்ததாம். கூட ஒரு பித்தளைச் செம்பும் இருந்ததாம். செம்பு எங்கே என்றேன். பழைய இரும்புக்குப் போட்டுவிட்டேன் என்றார். அந்தச் செம்பின் அடியில் யார் பேர் வெட்டியிருந்தது என்று பார்க்காமல் போட்டுவிட்டாரே என்று அன்று முழுக்க எனக்கு ஆத்திரம். மதினி அறையில் படுத்துக்கொண்டே, “போன செம்புக்கு அழுது என்னட்டி ஆவப்போவுது, நாளைக்கு உள்ள தட்டைப் பாரு” என்று சொல்லிவிட்டுத் தூங்கிவிட்டார்.

சனிக்கிழமை. சென்னைப் பெரிய மனிதர் வெள்ளைச் சட்டை, மூக்கு நுனியில் கண்ணாடி, கூட இரண்டு நண்பர்கள் என்று வந்தார். என்னைப் பார்த்ததும், “ஓ, கோவில்பட்டி!” என்றார். பேர் கேட்கவில்லை. கடைக்காரர் தட்டை எடுத்துப் பச்சைத் துணியில் கவிழ்த்து வைத்தார். பெரிய மனிதர் புள்ளிகளைக் காட்டி நண்பர்களுக்குப் பாடம் எடுக்க ஆரம்பித்தார். இது வளைவு, இது பாரசீக எழுத்தின் வால், இது வருஷம். எல்லாம் தலைகீழாக.

“தட்டைத் திருப்புங்க” என்றேன்.

“எதற்கு?”

“பேர் வெட்டுறவன் சாமானை மடியில் வச்சுக்கிட்டு, தன் பக்கம் பார்த்துத்தான் வெட்டுவான். நீங்க நிற்கிற பக்கத்துலருந்து படிச்சா வானத்துல இருக்கிறவன்தான் வெட்டியிருக்கணும்.”

அவர் நண்பர் ஒருவர் சிரித்துவிட்டார். கடைக்காரர் தட்டைத் திருப்பி வைத்தார். நான் மதினியிடமிருந்து தூக்குவாளியை வாங்கி, அடியைத் திருப்பித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். அதில் மதினியின் தகப்பனார் பேர் இருக்கிறது, ஊரோடு சேர்த்து மூன்று எழுத்து. “இதுவும் பாரசீகமா, பாருங்க” என்றேன்.

“புள்ளி என்றால் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும்” என்றார் பெரிய மனிதர்.

அப்போதுதான் பையிலிருந்து தாளை எடுத்தேன். கடைக்காரர் அனுமதியோடு இந்தத் தட்டின் எழுத்தையும் அதேபோலப் பென்சிலால் தேய்த்து எடுத்தேன். இரண்டு தாளையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். ‘ப’வும் ‘க’வும் புள்ளிக்குப் புள்ளி உட்கார்ந்தன. அதே உயரம், அதே சாய்வு. மூன்றாவது எழுத்து மட்டும் பொருந்தவில்லை. ஏன் என்று எனக்குப் பார்த்ததும் புரிந்துவிட்டது. பசுவந்தனைத் தட்டில் ‘வே’ வெட்டிய இடத்தில் பளபளப்புப் பெயர்ந்து நகக்கண் அளவு சில்லு போயிருக்கிறது. பித்தளைக்கு அடிக்கிற அடியைப் பீங்கானுக்கு அடித்திருக்கிறான் ஆசாரி. முதல் தட்டில் பட்ட அனுபவத்தில் இரண்டாவது தட்டில் பயந்துவிட்டான். இங்கே ‘வே’ புள்ளிகள் தள்ளித் தள்ளி, மேலாக, நடுங்கி நடுங்கி விழுந்திருக்கின்றன. ஒரே கை, ஒரே நாள், ஒரே பயம். இதை நான் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். தெரியாததைக் கையால் அடித்துக் காட்டினேன்.

கடைக்காரர் உள்ளே போய் ஒரு பூதக்கண்ணாடி கொண்டுவந்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு பெட்டிக்குள் கையை விட்டு, பாரசீகச் சீமான் என்று எழுதியிருந்த சீட்டை எடுத்து இரண்டாகக் கிழித்தார். “தட்டு எங்கே சுட்டது என்று எனக்குச் சொல்ல நிறையப் பேர் வருகிறார்கள். எந்த வீட்டில் இருந்தது என்று சொல்ல இதுவரை யாரும் வந்ததில்லை” என்றார்.

பெரிய மனிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் சண்டைக்கு வருவார் என்று இடுப்பில் கை வைத்து நின்றேன். வரவில்லை. “சரி, அப்படியானால் எனக்கு வேண்டாம்” என்றார். “ஒரு கிராமத்துச் சீர்ச் சாமானுக்காக நான் இவ்வளவு தூரம் வர வேண்டிய அவசியம் இல்லை. நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள் அம்மா. பல் வைத்தியர்கள் வைத்திருக்கும் தேய்க்கிற கருவி இருந்தால் எழுத்தைத் தேய்த்து எடுத்துவிடலாம், தட்டு பார்க்க நன்றாக இருக்கும்.”

எனக்குச் சந்தோஷப்படுவதா, கையை ஓங்குவதா என்று தெரியவில்லை. ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் அவருக்கு அந்தப் புள்ளி பொக்கிஷம். அது எங்கள் ஊர் ஆசாரி கை என்று தெரிந்ததும் அழுக்கு. “எழுத்துக்காகத்தான் வாங்குறேன், தட்டு அதுகூட வருது” என்று மட்டும் சொன்னேன். இன்னும் நிறையச் சொல்லியிருப்பேன், சத்தம் போட மாட்டேன் என்று கடைக்காரருக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். விலையை இங்கே எழுதப்போவதில்லை. கடைக்காரர் பாரசீக விலை கேட்கவில்லை என்று மட்டும் தெரிந்தால் போதும். ஊருக்குக் கொண்டுபோக வேண்டிய காகிதங்களையும் அவரே எழுதிக் கொடுத்தார்.

திரும்பும் வழியில் தட்டு என் மடியில்தான் இருந்தது. மேலே பெட்டி வைக்கும் இடத்தில் வையுங்கள் என்று விமானப் பணிப்பெண் மூன்று தடவை சொல்லிப் பார்த்தாள். மதினி அவளுக்கும் கடலைமிட்டாய் கொடுத்தார். மதுரையில் சுங்கக்காரர் பெட்டியைத் திறந்து, இது என்ன, எங்கே வாங்கியது, எதற்கு என்று வரிசையாகக் கேட்டார். நான் காகிதத்தைத் தேடிக்கொண்டிருந்தபோதே மதினி முந்திக்கொண்டார். “எங்க ஊர்த் தட்டுதான் சார். வெளியூர் போயிருந்துச்சு, கூட்டிட்டு வாரோம்.” அவர் காகிதத்தை வாங்கிப் பார்த்து, முத்திரை குத்தி அனுப்பினார்.

அண்ணன் கடைக்குச் சாமான் ஏற்றும் குட்டியானை வண்டியோடு வந்திருந்தார். மறுநாள் காலையிலேயே பசுவந்தனைக்குக் கிளம்பினோம். எனக்கு உள்ளூர ஒரு குறுகுறுப்பு இருந்தது, அதை ஒளிக்கவில்லை. இரண்டு தட்டும் எனக்கு வரப்போகிறது. கண்ணாடி அலமாரியில் எந்த அடுக்கில் வைப்பது என்றுகூட யோசித்துவிட்டேன்.

மழை பொய்த்த வருஷம். இருந்தும் உளுந்து கொஞ்சம் தேறியிருந்தது. ரோட்டில் பாதியை மிளகாய் வற்றல் பிடித்துக்கொண்டிருந்தது. சிங்கப்பூரில் ரோட்டில் ஒரு இலை கிடக்கவில்லை என்று மதினி அண்ணனிடம் சொல்லிக்கொண்டே வந்தார். “அப்ப வத்தலை எங்கன காயப் போடுவாவ?” என்று கேட்டார் அண்ணன்.

ஆவுடையம்மாள் முற்றத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். நான் தட்டை எடுத்துக் கொடுத்தேன். அழுவார் என்று எதிர்பார்த்து, நான்தான் முதலில் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அவர் அழவில்லை. தட்டைக் கவிழ்த்து, எழுத்தைப் பெருவிரலால் தடவினார். உள்ளே போய்த் தன் தட்டைக் கொண்டுவந்தார். இரண்டையும் சுளகில், உளுந்தின்மேலேயே பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

“எங்கன இருந்துச்சு?”

“சிங்கப்பூர்ல. ஒரு தகரப் பெட்டிக்குள்ள, கோணியில் சுத்தி.”

“கோணியில் சுத்தியா?” என்று ஒருமுறை கேட்டுக்கொண்டார். பிறகு, “வண்டி இருக்காட்டி?”

“இருக்கு. ஏன்?”

“நாகலாபுரம் போவணும்.”

புருஷன் செத்து எவ்வளவோ காலமாயிற்று. அன்று சீர் சாமானை எண்ணியவர்களில் அவருடைய தம்பி சங்கரலிங்கம் ஒருவர்தான் இன்னும் இருக்கிறார். என் அண்ணன் தயங்கினார். “ஆச்சி, இத்தனை வருசம் கழிச்சு எதுக்கு? அவியளுக்கு அதெல்லாம் மறந்திருக்கும்.”

“எனக்கு மறக்கலையே” என்றார். “தட்டு ரெண்டும் முத்துக்குத்தான். சொன்னா சொன்னதுதான். ஆனா முதல்ல நாகலாபுரம்.”

பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, வெயில் ஏறுகிறது, இந்த வயசில் எதற்கு அலைச்சல் என்றாள். ஆவுடையம்மாள் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு நல்ல சேலை மாற்றிக்கொண்டு வந்து முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். நானும் மதினியும் பின்னால், ஆளுக்கொரு தட்டை மடியில் வைத்துக்கொண்டு. விளாத்திகுளத்தைத் தாண்டியதும் ரோடு குண்டும் குழியுமாகிவிட்டது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் நான் தட்டைத் தூக்கிப் பிடித்தேன். சிங்கப்பூரிலிருந்து உடையாமல் வந்தது இங்கே உடைந்துவிடக்கூடாதே என்று உயிர் போய் உயிர் வந்தது. ஒரு இடத்தில் செம்மறி ஆட்டுக் கூட்டம் மறித்து, கால் மணி நேரம் நின்றோம்.

நாகலாபுரத்தில் அந்த வீடு தெருவின் நடுவில் இருந்தது. வாசல் வேப்பமர நிழலில் நார்க்கட்டில் போட்டு ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். தெரு நெடுக வற்றல் காய்ந்தது, பெண்கள் கிண்டிக்கொண்டிருந்தார்கள். வண்டியைப் பார்த்ததும் கைவேலையை நிறுத்தினார்கள். உள்ளேயிருந்து மருமகள் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். ஆவுடையம்மாள் வாங்கவில்லை.

“யாரு?” என்று கண்ணைச் சுருக்கினார் பெரியவர்.

“ஆவுடை.”

ஆவுடையம்மாள் என் கையிலிருந்த தட்டை வாங்கிக் கட்டிலில் வைத்தார். மதினி கையிலிருந்ததையும் வாங்கிப் பக்கத்தில் வைத்தார். இரண்டையும் எழுத்துத் தெரியக் கவிழ்த்தார்.

“எண்ணும்.”

“எதுக்கு மதினி இப்ப…”

“அன்னைக்கு நீருதானே எண்ணினீரு. எண்ணும்யா.”

தெருப் பெண்கள் கிட்டே வந்துவிட்டார்கள். சங்கரலிங்கம் முதல் தட்டின் எழுத்தைத் தொட்டார். “ஒண்ணு” என்றார். பிறகு இரண்டாவதையும் தொட்டார். “ரெண்டு.”

“இது ஒங்க அண்ணன் பெட்டிக்குள்ள கோணியில் சுத்தி இருந்திருக்கு. சிங்கப்பூர்ல. அவருக்குக் கோணியில் சுத்தி அடுக்கத் தெரியாது. வேட்டியே நாந்தான் மடிச்சுக் குடுப்பேன். யார் சுத்துனது?”

பெரியவர் தரையைப் பார்த்தார். வற்றல் நெடியில் யாரோ தும்மினார்கள்.

“நாந்தான்” என்றார் கடைசியில். “அங்கன சோறு திங்க ஒண்ணு வேணும்னு அண்ணன் கேட்டான். கப்பல்ல ஒடைஞ்சிரும்னு நாந்தான் சுத்திக் குடுத்தேன். நீங்க தாய்வீட்டுக்குப் போயிருந்தீய.”

“அப்ப எண்ணும்போது தெரியும்.”

“தெரியும் மதினி.” குரல் உள்ளேயே போய்விட்டது.

“எனக்குக் காது நல்லாத்தான் கேக்கு” என்றார் ஆவுடையம்மாள். “அன்னைக்கு எல்லாரும் கேக்கத்தான் பொய்க்காரின்னு சொன்னீரு. இப்பவும் தெருவுக்குக் கேக்கட்டும். எந்திரிச்சுச் சொல்லும்.”

மருமகள், “ஆச்சி, மாமாவுக்கு முடியாது” என்று ஏதோ சொல்ல வந்தாள். சங்கரலிங்கம் கையைக் காட்டி அவளை நிறுத்தினார். கட்டில் சட்டத்தை ஊன்றி எழுந்தார். தெருவைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

“ஆவுடை மதினி கொண்டாந்தது ரெண்டு தட்டு” என்றார். “ஒண்ணுன்னு சொன்ன நாந்தான் பொய்க்காரன்.”